ஒரு பொறியும் பல்லாயிரம் உரையாடல்களும்

அவதானம் என்பது தமிழ்ப் புலவர் போற்றி வந்த அருங்கலைகளுள் ஒன்று. சபையிலே ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் கணக்கொன்றைச் சொல்லுவார். வேறொருவர் அவதானியின் முதுகிலே நெல்மணிகளை ஒவ்வொன்றாக எறிவார். இன்னொருவர் இடையிடையே மணியடிப்பார். அவதானியோ எவரையும் மறவாது, ஒருவருக்குரிய விடையை மற்றொருவருக்கு மாற்றிச் சொல்லாது, அவரவர்க்கு உரியதை உரிய வேளையில் அளிப்பார். எட்டினை ஒருங்கே கவனிப்பவர் அட்டாவதானி. நூற்றினைக் கவனிப்பவர் சதாவதானி. யாழ்ப்பாணத்துப் புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்களைச் சதாவதானம் என்னும் அடைமொழியுடன் சேர்த்தே தமிழுலகம் அறியும்.

நூறு பேரை ஒருங்கே கவனிப்பதே வியப்பாயின், இருபது இலட்சம் பேரை ஒருங்கே கவனிப்பதை என்னென்பது? அத்தகைய வேலையைத்தான் இன்று கணினிகள் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள மகன் தாய்க்கு எழுதுகிறான்; வைத்தியர் நோயாளிக்கு எழுதுகிறார்; வணிகர் சரக்கு அனுப்புபவருக்கு எழுதுகிறார். கைத்தொலைபேசியில் எழுதிய ஒரு வரி கண்ணிமைக்கும் நேரத்திற் கடல் கடந்து சென்றுவிடுகிறது. ஒருவருக்கு எழுதியது அவருக்கே போய்ச் சேரும், வேறொருவர் கையில் விழாது என்ற நம்பிக்கையின் மேலேயே இவ்வுரையாடல்கள் அனைத்தும் நடைபெறுகின்றன. அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று.

இருவர் இவ்வாறு எழுதி உரையாடும்போது, ஒருவர் எழுதியது நேரே மற்றவரிடம் பாய்ந்து செல்வதாகத் தோன்றும். பெரும்பாலும் உண்மை அதுவன்று. எழுதியது முதலிற் சேவையகம் எனப்படும் கணினியை அடைகிறது. பிறர் கேட்பனவற்றுக்கு விடையளிப்பதற்கென ஓயாது விழித்திருக்கும் கணினியே சேவையகம். பெறுபவர் யார், அவர் இப்போது தொடர்பில் இருக்கின்றாரா, இருப்பின் எந்த வழியால் அவரை அடையலாம் என்று பார்த்து, அது செய்தியை அனுப்புகிறது. அவர் இல்லையெனின், தபாற் கந்தோரிற் கடிதம் காத்துக்கிடப்பதுபோல, அவர் வரும்வரை செய்தி அங்கே காத்திருக்கும்.

கணினி வழியாகப் பலர் ஒருங்கே உரையாடுவது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்திற் கல்விக்கென அமைந்த பிளேற்றோ என்னும் கணினி முறைமையில், 1973ஆம் ஆண்டில் டக் பிறவுண், டேவிட் வூலி என்னும் இருவர் ரோக்கோமற்றிக் என்ற உரையாடற் கூடத்தை அமைத்தனர். ஒரு கூடத்தில் ஐவர் வரை அமரலாம். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் உடனுக்குடனே மற்றவர் திரையிலே தோன்றும். பின்னர் 1988ஆம் ஆண்டிற் பின்லாந்தின் ஒவுலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினன் என்பவர், பல சேவையகங்களை ஒன்றோடொன்று பிணைத்து, நாடுகள் கடந்து பலர் கூடிப் பேசும் முறைமையொன்றை ஆக்கினார். ஐஆர்சி என்னும் பெயரால் அது இன்றும் வழங்குகிறது.

இவை ஒருபுறமிருக்க, பொதுமக்கள் இணையத்தை அறிந்தது உலகளாவிய வலை வாயிலாகவே. சுவிற்சர்லாந்து, பிரான்சு எல்லையிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த அந்த வலை, உரையாடலுக்கென வகுக்கப்பட்டதன்று. ஆவணங்களை எடுத்துப் படிப்பதற்கென வகுக்கப்பட்டது. நூலகத்திற் புத்தகம் கேட்பதுபோல, வாசகர் கேட்பார். சேவையகம் எடுத்துக் கொடுக்கும். அத்துடன் அலுவல் முடிந்துவிடும். கேளாதவருக்குத் தானாக எதையும் கொடுக்கும் வழக்கம் அங்கில்லை.

உரையாடலின் இயல்போ வேறு. அடுத்த செய்தி எப்போது வரும் என்பதை எவரும் அறியார். ஆகவே வலை வழியே உரையாட விரும்பியோர் தொடக்கத்தில் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். "எனக்குச் செய்தி உண்டா?" என்று ஒவ்வொருவருடைய கணினியும் சிறிது நேரத்துக்கொரு முறை சேவையகத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதினாயிரம் பேர் வினாடிக்கு ஒரு தடவை கேட்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மணித்தியாலத்தில் 3 கோடியே 60 இலட்சம் கேள்விகள் எழும். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு விடை "இல்லை" என்பதே. கடிதம் வந்ததா என்று கேட்பதற்காகவே ஊரார் அனைவரும் நாள் முழுவதும் தபாற் கந்தோருக்கு நடந்துகொண்டிருந்தால், உண்மையான கடிதத்தைக் கொடுப்பதற்கு அங்குள்ள இலிகிதருக்கு நேரம் ஏது?

அடுத்து வந்த உபாயம், கேட்டவரை உடனே திருப்பியனுப்பாது, செய்தி வரும்வரை வாயிலில் நிறுத்திவைத்தல். இது சற்று மேலானது. எனினும் ஒவ்வொரு விடை பெற்றதும் அவர் மீண்டும் புதிதாகக் கேட்கவேண்டியிருந்தது. இறுதியாக, 2011ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வெப்சொக்கற் என்னும் வரைமுறை நியமமாக வெளியிடப்பட்டது. இதன்படி, தொடக்கத்தில் ஒரு தடவை இருபக்கத்தாரும் உடன்பட்டுக்கொண்டால், அதன்பின் அவர்களுக்கிடையே ஒரு வழி திறந்தபடியே இருக்கும். எவரும் எப்போதும் அனுப்பலாம், அனுமதி கேட்கவேண்டியதில்லை. சேவையகம் அனுப்பும் சிறு செய்தியொன்றின் தலைப்பிலே இடவேண்டிய குறிப்பு இரண்டு பைற்று அளவினதே. கடித உறையின் எடை இவ்வாறு குறைந்துபோயிற்று.

ஆனால் ஒரு சிக்கல் தீர்ந்தவிடத்தே மற்றொன்று தோன்றிற்று. வாயில் திறந்தபடியே இருக்குமாயின், வந்தவர் எவரும் போய்விடுவதில்லை. பதினாயிரம் பேர் வந்தால், பதினாயிரம் பேரும் உள்ளேயே இருப்பர். அவர்களுட் பெரும்பாலோர் எந்த வேளையிலும் வாளாவிருப்பவரே. எனினும் எவர் எப்போது வாய் திறப்பார் என்பது தெரியாது. இவர்களை எவ்வாறு வேறுபிரித்து அறிவது? எவ்வாறு கவனிப்பது?

வேறுபிரித்தறியும் வழி எளிது. இணையத்தில் ஒவ்வொரு தொடுப்புக்கும் நான்கு அடையாளங்கள் உண்டு. அனுப்புபவரின் முகவரி, அவர் பக்கத்து வாயிலிலக்கம், சேவையகத்தின் முகவரி, சேவையகத்து வாயிலிலக்கம் என்பவை அவை. வாயிலிலக்கங்கள் 65,536 மாத்திரமே உள்ளன. ஆதலால் ஒரு சேவையகம் அத்தொகைக்கு மேற்பட்டோரை ஏற்க முடியாது என்று சிலர் எண்ணுவர். அது தவறு. நான்கும் ஒருங்கே ஒத்திருந்தாலன்றி இரு தொடுப்புகள் ஒன்றாகா. சேவையகம் தன் பக்கத்தில் ஒரே வாயிலை வைத்துக்கொண்டே, எதிர்ப்பக்கத்து முகவரிகளின் வேறுபாட்டால் இலட்சக்கணக்கானோரை இனங்காணலாம்.

இவ்வாறு இனங்கண்ட ஒவ்வொரு தொடுப்புக்கும் சேவையகம் தன் வசதிக்கென ஒரு சிறு இலக்கத்தை வழங்குகிறது. கோயில் வாயிலிற் செருப்பை வாங்கிக்கொண்டு துண்டு கொடுப்பது போன்றது இது. இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் போனதும் அவருடைய இலக்கம் அடுத்து வருபவருக்கு வழங்கப்படும். போனவர் போய்விட்டார் என்பதை முறைமையின் ஒரு பகுதி அறிந்து, மற்றொரு பகுதி அறியாதிருக்குமாயின், பழையவருக்குரிய செய்தி புதியவருக்குப் போய்விடும். ஆகவே கவனமுள்ள பொறியியலாளர், இலக்கத்தை மாத்திரம் நம்பாது, எளிதில் ஊகிக்க முடியாத அமர்வுக்குறி ஒன்றையும் ஒவ்வோர் உரையாடலுக்கும் வைத்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று சோதிப்பர்.

இனிக் கவனிக்கும் முறையைப் பார்ப்போம். பழைய முறை, ஆளுக்கொரு பணியாளர் என்பது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் கணினியினுள்ளே தனித்தனி இழை ஒன்று ஒதுக்கப்படும். அவர் பேசும்வரை அந்த இழை அவர் வாயையே பார்த்தபடி காத்திருக்கும். ஐம்பது பேருக்கு இது பொருந்தும். பதினாயிரம் பேருக்குப் பதினாயிரம் பணியாளரை நிறுத்தினால், அவர்கள் நிற்பதற்கே இடம் போதாது. லினக்ஸ் முறைமையில் ஓர் இழைக்கு வழக்கமாக ஒதுக்கி வைக்கப்படும் இடம் 8 மெகாபைற்று. அவ்விடம் முழுவதும் உண்மையிற் பயன்படுவதில்லை. எனினும் பதினாயிரத்தாற் பெருக்கினால் ஒதுக்கீடு மாத்திரம் ஏறக்குறைய 80 கிகாபைற்று ஆகிவிடும். அதனினும் கொடியது, ஒரு பணியாளரை நிறுத்தி மற்றொருவரை எழுப்புவதிலேயே கணினியின் நேரம் கழிந்துவிடுவது.

1999ஆம் ஆண்டில் டான் கெகல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இவ்விடயத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அக்காலத்து விற்பனையிலிருந்த கணினிகளின் வேகமும் நினைவகமும் பதினாயிரம் பேரைக் கவனிக்கப் போதுமானவை. போதாதது அவற்றை இயக்கும் முறையே என்பது அவர் வாதம். "பதினாயிரவர் சிக்கல்" என்று பொருள்படும் பெயரால் அவ்விடயம் உலகெங்கும் பேசப்படலாயிற்று.

அதற்குக் கண்ட தீர்வு, அவதானியின் வழியை ஒத்தது. பலர் வேண்டாம், ஒருவரே போதும். ஆனால் அவர் எவரிடமும் காத்து நிற்கலாகாது. கேட்டவருடைய செய்தியை வாங்குவார். உடனே செய்யக்கூடியதைச் செய்வார். எந்த இடத்தில் விட்டார் என்பதைக் குறித்துவைத்து அடுத்தவரிடம் போவார். நூற்றுவருடைய கேள்விகளும் அவருடைய குறிப்பிலே தனித்தனியே இருக்கும். ஒரே வேளையிற் செய்வதாகத் தோன்றுவது, உண்மையில் மிக விரைவாக முறை மாற்றிச் செய்வதே. இதனைப் பொறியியலாளர் நிகழ்வு வளையம் என்பர்.

இவ்வளையம் செவ்வனே சுழல வேண்டுமாயின், யார் பேச ஆயத்தமாயுள்ளார் என்பது விரைவில் தெரியவேண்டும். முந்திய முறைமைகளில் அதனை அறிய, பதினாயிரம் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. இருபது பேர் பேசுவதற்காக எல்லாக் கதவுகளையும் தட்டுவது வீண் வேலையன்றோ? 2000ஆம் ஆண்டிற் பிறீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமையிலும், 2002ஆம் ஆண்டில் லினக்ஸ் முறைமையிலும் இதற்கு மாற்று வந்தது. கதவைத் தட்டும் வேலை ஒழிந்து, பேச விரும்புபவரே மணியடிக்கும் ஒழுங்கு அமைந்தது. மணியடித்தவரின் பட்டியல் மாத்திரமே சேவையகத்திடம் கொடுக்கப்படும். உருசியரான இகோர் சிசோயெவ் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், இரயன் டால் 2009ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த நோட் ஜேஎஸ் ஆகியவை இந்த ஒழுங்கின்மேல் எழுந்தவையே.

இம்முறைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. வளையத்திலுள்ள எந்த வேலையும் நீண்ட நேரம் எடுத்தலாகாது. கந்தோரிலே ஒரே இலிகிதர் இருக்கிறார் என்று கொள்வோம். ஒருவர் பத்து வருடத்துப் பழைய கோவையைத் தேடச் சொல்ல, அவரும் எழுந்து உள்ளே போய்விட்டால், வெளியே நிற்கும் அத்தனை பேரும் திகைத்து நிற்பர். முத்திரை வாங்க வந்தவரும் நிற்பார். அவசரத் தந்தி கொடுக்க வந்தவரும் நிற்பார். நிகழ்வு வளையத்திலும் அதுவே நேரும். ஒருவருடைய பெரிய படமொன்றைச் சுருக்குவதற்கு அரை வினாடி சென்றால், அந்த அரை வினாடியும் மற்றைய பல்லாயிரவர் ஊமையராவர். ஆகவே கடினமான வேலைகள் வேறு பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டு, முடிந்ததும் மணியடிக்குமாறு பணிக்கப்படும்.

இதற்கு வேறான இன்னுமொரு வழியும் உண்டு. அதன் வரலாறு தொலைபேசியிலே தொடங்குகிறது. டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர் அக்னர் குறாறுப் எர்லாங் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் கடமையாற்றியவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை பேருடைய அழைப்புக்கு இடங்கொடுக்கலாம் என்னும் வினாவைக் கணிதத்தால் ஆராய்ந்து, 1909ஆம் ஆண்டில் அவர் முதற் கட்டுரையை வெளியிட்டார். ஒரு மணித்தியாலத்தில் 30 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி 4 நிமிடம் நீடிக்கிறது எனின், மொத்தம் 120 நிமிடம். அதாவது எந்த வேளையிலும் சராசரியாக இரண்டு உரையாடல்கள் நடந்துகொண்டிருக்கும். இந்த அளவுக்கு இன்று எர்லாங் என்றே பெயர். சராசரி இரண்டாயினும் இரண்டு இணைப்புகள் மாத்திரம் போதா. மக்கள் சராசரிப்படி அழைப்பதில்லை. சில வேளை ஐவர் ஒருங்கே அழைப்பர். அந்த நெருக்கடி வேளையை முன்கூட்டியே கணித்து இடம் வைப்பதே அவர் கற்பித்த பாடம். உரையாடற் சேவையகம் அமைப்போரும் அதே பாடத்தையே படிக்கின்றனர்.

அவர் 1929ஆம் ஆண்டிற் காலமானார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பனியின் ஆய்வுகூடத்தில் யோ ஆம்ஸ்ரோங், றொபேட் வேர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொலைபேசி நிலையங்களை இயக்குவதற்கெனக் கணினி மொழியொன்றை உருவாக்கினர். அதற்கு எர்லாங் என்று பெயர் வைத்தனர். 1998ஆம் ஆண்டில் அம்மொழி யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

எர்லாங் மொழி, ஆளுக்கொரு பணியாளர் என்னும் பழைய முறையைக் கைவிடவில்லை. பணியாளரை மிகச் சிறியவராக்கிற்று. ஓர் உரையாடலைக் கவனிக்கும் சிறு பணியாளருக்குத் தொடக்கத்தில் வேண்டிய இடம் மூவாயிரம் பைற்றுக்கும் குறைவே. ஆதலால் ஒரு கணினியில் இலட்சக்கணக்கானோரை அமர்த்தலாம். அவர்களை முறைப்படி எழுப்புவதும் உறங்க வைப்பதும் மொழியின் உள்ளமைப்பே பார்த்துக்கொள்ளும். எவரேனும் அளவுக்கு மீறி நேரமெடுப்பாராயின் அவரை நிறுத்தி அடுத்தவருக்கு இடங்கொடுக்கும். இதைவிடச் சிறந்த குணம் ஒன்றுண்டு. ஒருவருடைய நினைவகத்தை மற்றொருவர் தொட முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித் தபாற்பெட்டி இருக்கும். கடிதம் எழுதியே பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் பிழை செய்து விழுந்தால், அவருடைய உரையாடல் மாத்திரமே அறுபடும். பக்கத்திலுள்ளவருக்கு அது தெரியவும் மாட்டாது. மேற்பார்வையாளர் ஒருவர் அதைக் கண்டு, விழுந்தவரின் இடத்திற் புதியவரை அமர்த்துவார். பிழையே நேராமற் செய்தல் மனிதரால் ஆகாதது. ஒரு பிழை பலரைத் தாக்காமற் செய்தல் ஆகக்கூடியது என்பதே இதன் உட்கருத்து.

2009ஆம் ஆண்டிற் தொடங்கிய வாட்ஸ்அப் நிறுவனம் இம்மொழியையே தன் சேவையகங்களுக்குத் தேர்ந்துகொண்டது. தனியொரு சேவையகத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தொடுப்புகளை ஒரே வேளையில் நிலைநிறுத்தியதாக 2012ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நிறுவனம் அறிவித்தது. 2014ஆம் ஆண்டிற் பேஸ்புக் நிறுவனம் அதனை வாங்க உடன்பட்டபோது, மாதந்தோறும் பயன்படுத்துவோர் 45 கோடிப் பேர். பொறியியலாளரோ 32 பேர். முறை சிறந்ததாயின் கைகள் குறைவாயிருந்தாலும் பெருங்காரியம் முடியும் என்பதற்கு இது தக்க சான்று.

தொடுப்புகளை நிறுத்திவைப்பது பாதி வேலை. செய்தி உரியவரை, உரிய ஒழுங்கில், ஒரு தடவை மாத்திரம் சென்றடையச் செய்வது மற்றைப் பாதி. ஒழுங்கு மாறினால் நேரும் தீங்கைச் சிறு உதாரணத்தாற் காணலாம். நோயாளியின் மகள் வைத்தியரிடம், "உணவு கொடுக்கலாமா?" என்றும், அடுத்து, "பழைய மருந்தைக் கொடுக்கலாமா?" என்றும் கேட்கிறாள். வைத்தியர் "கொடுங்கள்" என்றும், "வேண்டாம்" என்றும் முறையே விடையளிக்கிறார். விடைகள் இரண்டும் இடம் மாறிச் சேர்ந்தால் என்னவாகும்? ஓரெழுத்தும் பிறழாமலே பொருள் முழுவதும் பிறழ்ந்துவிடும். ஆகவே ஒவ்வோர் உரையாடலிலும் செய்திகளுக்குத் தொடரிலக்கம் இடப்படுகிறது. பெறுபவரின் கருவி, ஐந்தாவது வராமல் ஆறாவது வந்தால், ஐந்தாவதுக்குக் காத்திருக்கும். அல்லது கேட்டு வாங்கும்.

தொடர்பு இடையில் அறுந்தால் வேறொரு குழப்பம். அனுப்பியவருக்குப் பற்றுச்சீட்டு வரவில்லை. செய்தியே போய்ச் சேரவில்லையா, அன்றிச் செய்தி சேர்ந்து பற்றுச்சீட்டு மாத்திரம் வழியில் தொலைந்ததா? இவ்விரண்டையும் அனுப்பியவரால் வேறுபிரித்தறிய முடியாது. மீண்டும் அனுப்பாவிடின் செய்தி தொலையலாம். அனுப்பின் இருமுறை சேரலாம். இதற்கு வழி, மீண்டும் அனுப்புவதும், முதலில் இட்ட அதே அடையாளத்துடன் அனுப்புவதுமே. பெறுபவர் அந்த அடையாளத்தை ஏற்கனவே கண்டிருந்தால், இரண்டாவதை ஒதுக்கிவிடுவார். வாட்ஸ்அப்பில் ஒரு சரிக்குறி தோன்றினாற் செய்தி அனுப்பப்பட்டது என்றும், இரண்டு தோன்றினாற் பெறுநரின் கருவியைச் சேர்ந்தது என்றும் பொருள். இச்சிறு குறிகளுக்குப் பின்னே நிற்பது இந்தப் பற்றுச்சீட்டு முறையே.

சொல்லாமற் போய்விடுபவரும் உளர். புகையிரதம் சுரங்கத்தினுள் நுழைந்ததும் பயணியின் தொடர்பு அறும். ஆனால் விடைபெற்றுக்கொண்டு போகாதபடியால், அவர் இன்னும் இருப்பதாகவே சேவையகம் எண்ணிக்கொண்டிருக்கும். ஆதலால் இடைக்கிடை "இருக்கின்றீரா?" என்று தட்டிக் கேட்டு, விடையில்லையெனின் தொடுப்பை மூடி, அவருக்குரியதைச் சேமிப்பில் வைத்தல் வேண்டும். வேறு சிலர் இருப்பர்; ஆனால் அவர்களுடைய தொடர்பு மந்தமாயிருக்கும். அவர்களுக்கு அனுப்பவேண்டியவை சேவையகத்தின் நினைவகத்திற் குவியும். எல்லையொன்று வகுக்காவிடின், மந்தமான ஒருவருக்காகக் குவிந்த சுமை அனைவரையும் அமிழ்த்திவிடும்.

சேவையகங்கள் பலவானபோது, யார் எந்தச் சேவையகத்தில் இருக்கின்றார் என்னும் பதிவேடு வேண்டியதாகிறது. அவற்றிடையே தொடர்பு அறுந்தால் நேர்வதை ஐஆர்சி பயன்படுத்தியோர் நன்கறிவர். அங்கே சேவையகங்கள் மரத்தின் கிளைகள்போற் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு கிளை முறிந்தால், கூட்டத்திற் பாதிப்பேர் திடீரென எழுந்து போனதுபோலத் தோன்றும்; போனவருக்கோ எஞ்சியவர் போனதாகத் தோன்றும். தாம் பேசுவதை எதிர்ப்பக்கத்தார் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்வர்.

எல்லாரும் ஒருங்கே திரும்பி வருவதும் ஆபத்தே. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி, பேஸ்புக், வாட்ஸ்அப் முதலிய சேவைகள் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகெங்கும் நின்றுபோயின. பழுது திருந்திய பின்பும் அவை ஒரேயடியாகத் திறந்துவிடப்படவில்லை. திடீரெனப் பெருகிவரும் கூட்டம் மீண்டும் அனைத்தையும் வீழ்த்திவிடக்கூடும் என்று அஞ்சிப் படிப்படியாகவே திறந்தனர். நன்கமைந்த உரையாடற் கருவிகள் தொடர்பு அறுந்ததும் உடனே பாய்வதில்லை. ஒவ்வொன்றும் தற்செயலான ஓர் இடைவேளை காத்திருந்து முயலும். பலிக்காவிடின் அதனினும் நீண்ட வேளை காத்திருக்கும். வாயிலில் நெருக்காது வரிசையாக வருவோர் விரைவில் உட்புகுவர் என்பது திருவிழாக் கண்டோர் அறிந்ததே.

இவையனைத்தினும் பாரதூரமானது, ஒருவருடைய செய்தி மற்றொருவருக்குப் போவது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. மனிதர் கேட்கக் கணினி விடையளிக்கும் சாட்ஜிபிடி என்னும் சேவையிற் சிலர், தமது உரையாடற் பட்டியலிலே முன்பின் அறியாத வேறொருவருடைய தலைப்புகளைக் கண்டனர். நிறுவனத்தார் சேவையை நிறுத்தி ஆராய்ந்து, காரணத்தைப் பின்னர் வெளியிட்டனர். அவர்களுடைய சேவையகம், விரைவாக எடுக்கவேண்டிய விபரங்களை ரெடிஸ் என்னும் களஞ்சியத்தில் வைத்திருந்தது. களஞ்சியத்துக்குச் செல்லும் தொடுப்புகள் சில. அவற்றைக் கேள்விகள் பல பகிர்ந்துகொண்டன. கேள்விகள் ஒரு வரிசையிற் போகும்; விடைகள் மற்றொரு வரிசையில் வரும். முதற் கேள்விக்கு முதல் விடை என்பதே கணக்கு. ஒருவர் கேட்டுவிட்டு, விடை வருமுன் கேள்வியைக் கைவிட்டால், விடை மாத்திரம் எடுப்பாரின்றிக் கிடக்கும். அடுத்தவர் வந்து கையை நீட்டியதும் அவ்விடை அவர் கையில் விழும்.

ஆளுக்குரிய அடையாளத்தைப் பாராது, வரிசையை மாத்திரம் நம்பியதால் வந்த வினை இது. கைவிடப்பட்ட கேள்வி அருமையாயிருந்தவரை பிழை வெளிப்படவில்லை. அன்று நிறுவனத்தார் செய்த மாற்றமொன்றாற் கைவிடப்பட்ட கேள்விகள் பெருகவே, உறங்கிக் கிடந்த பிழை எழுந்தது. ஒன்பது மணித்தியாலத்துள் அச்சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரருள் 1.2 வீதத்தினரின் பெயர், மின்னஞ்சல், கடனட்டையின் இறுதி நான்கிலக்கம் முதலியவை பிறர் கண்ணிற் பட்டிருக்கக்கூடும் என்றும் அறிவிக்கப்பட்டது. திருத்தத்தில் ஒரு பங்கு, விடையைக் கொடுக்குமுன், "இது கேட்டவருக்கு உரியதுதானா?" என்று மீண்டும் ஒருமுறை சோதிக்குமாறு செய்ததே.

இத்தகைய ஆபத்துக்கு எதிரான மற்றொரு காப்பு, செய்தியை அனுப்புபவரின் கருவியிலேயே பூட்டி, பெறுபவரின் கருவியில் மாத்திரம் திறக்கச் செய்தல். வாட்ஸ்அப் 2016ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இதனைத் தன் பாவனையாளர் அனைவருக்கும் விரிவாக்கிற்று. அவ்வாறு பூட்டிய செய்தி வழி தவறி வேறொருவர் கையிற் சேர்ந்தாலும் அவரால் அதனை வாசிக்க இயலாது. இடையிலுள்ள சேவையகத்தாலும் இயலாது. எனினும் கடிதத்தைப் பிரிக்க மாட்டாத தபாற்காரருக்கும் உறையின்மேலுள்ள முகவரி தெரியுமன்றோ? யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதைச் சேவையகம் அறியும். பெறுபவர் யார் என்பதையேனும் அறியாமல் அதனால் அஞ்சல் செய்ய முடியாது.

ஆகவே உரையாடற் சேவையொன்றைத் தேர்பவர், அது எத்தனை விரைவானது என்பதோடு வேறு மூன்றையும் கேட்டறிதல் தகும். செய்தி சேர்ந்ததற்குப் பற்றுச்சீட்டு உண்டா? செய்தி முனைக்கு முனை பூட்டப்படுகிறதா? யார் யாருடன் பேசினார் என்னும் குறிப்பு எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகிறது? முதலிரண்டுக்கும் பொறியியலாளர் நல்ல விடை கண்டுவிட்டனர். மூன்றாவதற்குரிய விடை பொறியில் இல்லை. பொறியை நடத்துவோரின் நேர்மையிலும், அவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலும், கேட்கத் தயங்காத பொதுமக்களிடத்துமே இருக்கிறது.